ரேக்கில் ஒரு ஜோடி மிச்சம்

நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பாய்லர் ஹவுஸ் வாசலில் கார்டு மெஷின் வைத்துவிட்டார்கள் என்று போன மாதம் சதீஷ் போன் செய்து சொன்னான். எனக்குப் பிறகு ஷிப்ட் இன்சார்ஜ் ஆனவன் அவன். உள்ளே போகிறவன் கார்டைக் காட்டினால் எண்ணிக்கை ஏறுமாம், வெளியே வந்து காட்டினால் இறங்குமாம். நான் இருந்த காலத்தில், ஆளுக்கு ஒன்றாக ஆணியில் மாட்டிய பித்தளை வில்லைகள்தான்.

"இனிமே யாரும் உங்கள மாதிரி ஒவ்வொருத்தன் காலயும் குனிஞ்சி பாக்க வேணாம்ணா" என்று சிரித்தான்.

"ஒருத்தன் கார்ட இன்னொருத்தன் தேய்க்கிறானா?" என்று கேட்டேன்.

"அவசரத்துல சில டைம் தேய்ப்பானுங்கணா" என்றான்.

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தொழிற்சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கப்பல் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று பல வருடமாகக் கேட்டார்கள், நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் 'செருப்பு சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியாது என்று பசங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். பாய்லருக்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள் வெளியே வந்தபின் மூடியைப் போடும் முன், வில்லைகளை எண்ணிய பிறகும், ஆட்களை வரிசையாக நிற்கவைத்து முகத்தையும் காலையும் பார்ப்பேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்தவர்கள் காரணத்தை இப்போது படித்துக்கொள்ளட்டும்.

என் ஊர் ஊத்துக்கோட்டைக்குப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் கொஞ்ச காலம் வெந்தேன். பிறகு ராயபுரத்தில் இருந்த மாமா ஒருவர் அலைந்து திரிந்து கப்பல் வேலைக்கு வழி செய்தார். முதல் கப்பலில் வாந்தி எடுத்தேன், இரண்டாவதில் வேலை கற்றேன். மூன்றாவது கப்பலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதன் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுத மாட்டேன். இரண்டுமே இப்போது இல்லை.

அது பழைய சரக்குக் கப்பல். நான் அதில் ஆயில்மேன். இன்ஜினுக்கு எண்ணெய் விடுவது, பேரிங் சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பது, துடைப்பது, இவைதான் வேலை. என்னைப்போல இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பழவேற்காட்டு கோபால், மீன்பிடிக் குடும்பம், கடலைப் பற்றிப் பாடம் நடத்தியே எங்களை அறுப்பான். இன்னொருவன் சோழவரத்து மாசிலாமணி. தங்கமான பையன், ஆனால் உடம்பு ஓரிடத்திலும் கவனம் வேறிடத்திலும் இருக்கும். மூன்று பேரும் ஒரே பக்கத்து ஆட்கள் என்பதால் ஒன்றாகவே திரிவோம்.

எங்களுக்கு மேலே செகண்ட் இன்ஜினியர் தனராஜ். பொன்னேரிக்காரர். கப்பல் வழக்கப்படி அவரை 'செகண்ட் சாப்' என்போம். சீஃப் இன்ஜினியரை 'படா சாப்' என்போம். காகிதத்தில் எல்லாவற்றுக்கும் படா சாப்தான் பொறுப்பு, ஆனால் இன்ஜின் ரூமை நடத்தியது செகண்ட் சாப்.

அந்த இரைச்சலில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் மட்டும் பக்கத்தில் வந்து, காதருகே குனிந்து, ஒருமுறை சொல்வார். இரண்டாம் முறை சொல்ல மாட்டார். சரியாகக் கேட்கவில்லை என்று திரும்பிக் கேட்டால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பயந்தே எங்களுக்குக் காது நன்றாகக் கேட்கத் தொடங்கியது. பாசம் வந்தாலும் 'நைனா' என்பார், கோபம் வந்தாலும் 'நைனா' என்பார். எது எது என்று நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

அந்தப் பயணத்தில் நாங்கள் போன கடலில் இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எங்களுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் ஏற்றியிருந்தது சர்க்கரை மூட்டை. ஆனால் வழியில் நின்ற துறைமுகத்தில், எரிந்து கருகிய ஒரு கப்பலை இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. நீர்மூழ்கி உலாவுகிறது என்று ஒரு பேச்சு, கண்ணிவெடி மிதக்கிறது என்று ஒரு பேச்சு. லைஃப் ஜாக்கெட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தோம்.

செகண்ட் சாப் அப்போது இரண்டு காரியம் செய்தார். எங்கள் வேர்வைத் துணியாலேயே எங்கள் கண்ணைக் கட்டி, இன்ஜின் ரூமின் அடித்தளத்திலிருந்து மேல் வாசல் வரை ஏணி ஏணியாக ஏறச் சொன்னார். எந்த ஏணி எங்கே திரும்புகிறது, எந்தக் கைப்பிடியில் வெல்டிங் மேடு இருக்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரியும்வரை விடவில்லை. மாசிலாமணி முட்டியை இடித்துக்கொண்டு முனகியபோது, "லைட்டு போச்சின்னா முட்டி மட்டும்தான் போவும்னு நென்ச்சிக்கினியா நைனா?" என்றார்.

இரண்டாவது காரியம் செருப்பு.

இன்ஜின் ரூமுக்கு இறங்கும் மேல் வாசலில் ஓர் இரும்பு ரேக் இருந்தது. செருப்பை அதில் விட்டு, வாசலுக்கு உள்ளே பெட்டியில் கிடக்கும் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்குவோம். ஏறி வந்ததும் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வோம். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, வீட்டு வாசலில் செருப்பை விடுகிற பழக்கம்தான். அதிகாரிகளும் தங்கள் ஷூவை மேல் தட்டில் விடத் தொடங்கியிருந்தார்கள். செகண்ட் சாப் இந்தப் பழக்கத்தைக் கணக்காக்கினார். "ரேக்குல ஒரு ஜோடி கீதுன்னா ஒரு ஆளு கீழ கீறான்னு அர்த்தம். அந்த ஜோடிய எட்க்கற வரிக்கும் நாம எங்கயும் போறதில்ல" என்றார். ஒருமுறைதான் சொன்னார். கேப்டன் கேள்விப்பட்டு, இது என்ன கோயிலா என்று கேட்டாராம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் எல்லோருடைய செருப்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே துறைமுகத்தில் ஒரே வண்டிக்காரனிடம் வாங்கிய நீல வார் ரப்பர் செருப்பு. அதனால் கம்பியைக் காய்ச்சி அடியில் அடையாளம் போடவைத்தார். எனக்கு இரண்டு கோடு, மாசிலாமணிக்கு ஒரு கூட்டல் குறி. கோபால் மட்டும் மெனக்கெட்டு மீன் வரைந்துகொண்டான்.

அன்று காலை டீ நேரம். கீழே தேர்ட் இன்ஜினியரும் கோபாலும் வேலையில் இருந்தார்கள். தேர்ட், வங்காளத்துப் பையன். மாசிலாமணி அவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டான். நான் மேல் டெக்கில் ஒரு வால்வைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலே காவல் பார்த்தவன் ஏதோ கத்தினான். நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடு நேராக எங்கள் பின்பக்கத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. மீன் கூட்டம் அப்படி நேராகப் போகாது. அது டார்ப்பிடோ என்று புரிவதற்குள், சத்தம் கேட்பதற்கும் முன்னால், தரை எழும்பி என் காலில் அடித்தது. விழுந்தேன். பின்பக்கச் சரக்கறையின் மூடி பறந்தது. தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்து மழை மாதிரி எங்கள்மேல் கொட்டின. உதடெல்லாம் இனித்தது. அந்த இனிப்பு இன்றுவரை எனக்கு ஆகாது, டீயில்கூடச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. பின்பக்கம் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த டெக் ஆள் ஒருவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் வீட்டாரிடம் கேட்காமல் அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இன்ஜின் நின்றுவிட்டது. எழுந்து இன்ஜின் ரூம் வாசலுக்கு ஓடினேன். செகண்ட் சாப் எனக்கு முன்பே அங்கே இருந்தார். தேர்ட், தலையில் ரத்தத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தார். திறந்த வாசலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்ஜினிலிருந்து பின்னால் இருக்கும் புரொப்பல்லர் வரை ஒரு நீளமான இரும்புத் தண்டு ஓடும். அது ஓடுகிற குறுகலான வழியை டனல் என்போம். குனிந்துதான் நடக்க முடியும். டனலுக்கும் இன்ஜின் ரூமுக்கும் நடுவில் தண்ணீர் புகாத இரும்புக் கதவு ஒன்று உண்டு. அதை மேலே, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சக்கரத்தைச் சுற்றியும் மூடலாம். வெடித்தது டனலுக்கு மேலே. டனலில் தண்ணீர் ஏறுகிறது, அங்கிருந்து இன்ஜின் ரூமுக்குள் வருகிறது. உடனே கதவை மூடினால் கப்பல் மிதக்கலாம். மூடாவிட்டால் மிதக்காது. டனலுக்குள் ஆள் இருந்து கதவை மூடினால், அவன் கதி என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை.

கோபால் எங்கே என்று செகண்ட் சாப் தேர்டை இந்தியில் கேட்டார். பேரிங் பார்க்க டனலுக்குள் போனான், அதன் கோடியில் இருக்கும் ஏணி வழியாக மேலே ஏறியிருப்பான் என்று தேர்ட் சொன்னார். பார்த்தாயா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார்.

செகண்ட் சாப் ரேக்கைப் பார்த்தார். மேல் தட்டில் தேர்டின் ஷூ. கீழ்த் தட்டில் ஒரே ஒரு ஜோடி நீலச் செருப்பு. எடுத்துத் திருப்பினார். கூட்டல் குறி. மாசிலாமணியின் செருப்பு. மாசிலாமணியோ லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப கோபாலு செருப்ப மாட்டிக்கினு போய்ட்டான் சாப். எல்லாரும் மேல வந்தாச்சி, மூடிடலாம்" என்று சொன்னது நான்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கோபாலின் ஜோடி அங்கே இல்லை. இருக்கிற ஜோடிக்கு உரியவன் கண் முன்னால் நிற்கிறான்.

செகண்ட் சாப் சக்கரத்தில் கை வைத்துவிட்டார். சுற்றவில்லை. தலை குனிந்து மாசிலாமணியின் காலைப் பார்த்தார். அதிலும் நீலச் செருப்பு.

"மாசிலாமணி, உன் கால்ல கீறத கழட்டு."

"இன்னா சாப்?"

அவர் திரும்பச் சொல்லவில்லை. மாசிலாமணி கழற்றினான். நான் குனிந்து திருப்பினேன். மீன்.

டீ கொடுத்துவிட்டு வந்தவன், கையில் கெட்டிலும் கிளாஸும் இருக்க, குனிந்து பார்க்காமலே காலை நுழைத்திருக்கிறான். கல்யாண மண்டபத்திலும் கோயில் வாசலிலும் நாம் எல்லோரும் செய்கிற காரியம். கண் பார்ப்பதற்குள் கால் நுழைந்துவிடும். மாசிலாமணிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "டீ குடுக்கத்தான் போனேன் சாப், டீ குடுக்கத்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

செகண்ட் சாப் தன் ஷூவைக் கழற்றினார். தண்ணீர் ஏறுகிறது, எந்த நேரமும் கப்பல் சாயும், அவர் ஷூவைக் கழற்றி மேல் தட்டில் ஒழுங்காக வைத்துவிட்டு பூட்ஸை எடுத்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் கீழே போகப் போகிறார்.

என் காதருகே வந்தார். "சக்கரத்த புடிச்சிக்கோ. நாங்க ரெண்டு பேரும் கதவுக்கு இந்தாண்ட வந்துட்டா ஏணில ஸ்பேனரால மூணு தட்டு தட்டுவேன். அப்ப மூடு. யாரு சொன்னாலும் அதுக்கு முன்னாடி மூடாத." டார்ச்சை எடுத்துக்கொண்டு புகைக்குள் இறங்கிவிட்டார்.

நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே படகுகளை இறக்கும் சத்தம் கேட்டது. கீழிருந்து தண்ணீரின் சத்தம்தான் வந்தது, வேறு எதுவும் இல்லை. கப்பல் பின்பக்கமாகத் தாழ்வதைப் பாதத்தால் உணர முடிந்தது. மாசிலாமணி ஏணியின் மேல்படியில் காதை வைத்துக் குப்புறப் படுத்துவிட்டான்.

படா சாப் ஓடி வந்தார். கதவு மூடியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். கேப்டன் உத்தரவு, உடனே மூடு என்றார். நான் அசையவில்லை. தானே சுற்றுவதற்காகச் சக்கரத்தைப் பிடித்தார்.

"செகண்ட் சாப் இன்னும் தட்டலைங்க சாப். ரெண்டு பேர் உள்ள கீறாங்க" என்றேன்.

கப்பலில் இத்தனை பேர் இருக்கிறார்கள், இரண்டு பேருக்காக எல்லோரையும் கொல்லப் போகிறாயா என்று கத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கொடுமை. அவர் ஒரு பக்கம் இழுத்தார், நான் மறுபக்கம் இழுத்தேன். வயதில் என் அப்பா மாதிரி ஒரு மனிதரோடு மல்லுக்கு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் கையை எடுக்கவில்லை. வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த காரியங்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

"தட்டறாரு" என்றான் மாசிலாமணி.

எனக்குக் கேட்கவில்லை. மாசிலாமணி சொன்னதை நம்புவதா என்று ஒரு கணம் தயங்கினேன். அன்று காலையிலிருந்து அவன் செய்தது அப்படி. பிறகு எனக்கே கேட்டது. இரும்பில் இரும்பு, இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. நானும் படா சாபும் ஒரே சக்கரத்தை ஒரே பக்கமாகச் சுற்றினோம்.

கதவு முழுதாகப் பொருந்தவில்லை, கடைசியில் எதிலோ மாட்டி நின்றுவிட்டது. தண்ணீரும் அதற்குள் நிறைய வந்துவிட்டிருந்தது. செகண்ட் சாப், கோபாலை முதுகில் போட்டுக்கொண்டு, விளக்கில்லாத இன்ஜின் ரூமில் ஏணி ஏணியாக ஏறி வந்தார். டார்ச் எங்கோ போய்விட்டது. நாங்கள் முட்டி இடித்துக்கொண்டு பழகிய அதே ஏணிகள். கோபாலின் வலது கால்மேல் குழாய் விழுந்து எலும்பு நொறுங்கியிருந்தது. வலியில் அவன் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை மலரில் போட மாட்டார்கள்.

கோபாலை நானும் மாசிலாமணியும் தூக்கினோம். திரும்பிப் பார்த்தால் செகண்ட் சாப் ரேக்கின் முன்னால் நிற்கிறார். பூட்ஸைக் கழற்றித் தன் ஷூவைப் போட்டுக்கொண்டார். தேர்டின் ஷூவையும் மாசிலாமணியின் செருப்பையும் தரையில் கிடந்த கோபாலின் ஜோடியையும் கையில் எடுத்துக்கொண்டார். ரேக்கைக் காலி செய்த பிறகுதான் படகுக்கு வந்தார். படகில் மாசிலாமணியிடம் இரண்டு ஜோடியையும் நீட்டி, "இந்தா, உன்னுது. அவனுத அவங்கிட்ட குடு நைனா" என்றார். பாசமா கோபமா என்று அன்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதான்.

கப்பல் பின்பக்கமாக இறங்கியது. முன்பக்கம் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றது, பிறகு அதுவும் போயிற்று. மத்தியானம் வேறொரு கப்பல் எங்களை ஏற்றிக்கொண்டது.

பிறகு பம்பாயில் ஒரு ஓட்டல் அறையில் விசாரணை. அந்தக் கடலில் நீர்மூழ்கியே கிடையாது என்று இரண்டு நாடுகளும் சொல்லிவிட்டனவாம். நான் பார்த்த வெள்ளைக் கோட்டைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. கதவை ஏன் உடனே மூடவில்லை என்றுதான் துருவித் துருவிக் கேட்டார்கள். உடனே மூடியிருந்தால் கப்பலை இழுத்துக்கொண்டாவது வந்திருக்கலாம் என்றார்கள். உள்ளே போகும் முன் செகண்ட் சாப் என்னிடம், "நடந்தத அப்டியே சொல்லு. நான் சொன்னத நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னேன். தன் முறை வந்ததும் அவர், 'மூடக்கூடாது என்று உத்தரவிட்டது நான், அவன் கீழ்ப்படிந்தான், அவ்வளவுதான்' என்று முடித்துக்கொண்டார். அவர்மேல் எந்தத் தண்டனையும் எழுதவில்லை. எந்தக் கம்பெனியும் அவரை மறுபடி கப்பலுக்குக் கூப்பிடவும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறை போட்டார். கப்பல் இன்ஜினை ஆண்ட மனிதர், தொழிற்சாலைகளின் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் புலம்பிக் கேட்டதில்லை. எனக்குப் பாய்லர் ஹவுஸ் வேலைக்குச் சொல்லிவிட்டதும் அவர்தான். கோபால் விந்தி விந்தி நடந்து பழவேற்காட்டில் வலைக்கடை வைத்தான். மாசிலாமணி சோழவரத்தில் லாரி மெக்கானிக் ஆனான்.

இந்தப் பொங்கல் முடிந்த சில நாளில் தனராஜ் சாப் இறந்துவிட்டார். பொன்னேரியில் அவர் வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். ஜெபம் முடிந்தது. வண்டி வர நேரமாகும், அடுத்த தெருவில் சாப்பாடு இருக்கிறது, வந்தவர்கள் சாப்பிட்டு வாருங்கள் என்றார்கள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை ஆளாளுக்கு மாட்டிக்கொண்டு போனார்கள். நாங்களும் வாசலுக்கு வந்தோம். எங்களுடையதைத் தவிர ஒரு ஜோடி தோல் செருப்பு ஓரமாக மிச்சம் கிடந்தது.

"யார்துமா அது?" என்று மாசிலாமணி அவர் மருமகளைக் கேட்டான்.

"மாமாதுங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து எட்த்துக்கினு வந்து அப்டியே வச்சது."

மாசிலாமணி தன் செருப்பைத் தொடவில்லை.

"இன்னாடா, வா. சாப்ட்டு வந்துரலாம்" என்றான் கோபால்.

"ஜோடி கீதுடா" என்றான் மாசிலாமணி.

கோபால் அந்தச் செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தன் காலை இழுத்துக்கொண்டு முதலில் திரும்பி உள்ளே போனவன் அவன்தான். மூன்று பேரும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டவர்களுக்குப் பசியில்லை என்றோம்.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் மாசிலாமணி குனிந்தான். அந்த ஜோடியை எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். அதற்கப்புறம்தான் நானும் கோபாலும் எங்கள் செருப்பை மாட்டிக்கொண்டோம்.